எங்கே நின்று உறங்குவது? கெர்னல் டிரைவரின் காத்திருப்பு பற்றி ஓர் எளிய விளக்கம்

"சுற்றிக்கொண்டே காத்திருக்கும் நிரல் கெட்ட நிரல், உறங்கிக் காத்திருக்கும் நிரல் நல்ல நிரல்." லினக்ஸ் பக்கம் புதிதாக வரும் மாணவர்கள் பலர் இதை வேதவாக்காக மனத்தில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் ஐந்தாறு பேர் கூடி டிரைவர் எழுதிப் பழகுகிறோம். அங்கே இந்த வாக்கியம் ஒலிக்காத வாரம் அரிது. பாதி உண்மையாக இருப்பதால்தான் அது இவ்வளவு தொல்லை தருகிறது.

ஏற்காட்டில் உறவினர் ஒருவரின் காபித் தோட்டத்துக் களத்தில், பழகுவதற்காகவே ஓர் அளவி அட்டையை வைத்திருக்கிறோம். களத்தில் உலரும் கொட்டையைச் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் அது அளந்து சொல்லும். அதற்கான டிரைவரை மாணவர்களே எழுதினார்கள். அவர்களில் ஒரு பெண் அதில் மூன்று இடங்களைத் திருத்தி என்னிடம் பார்க்கக் கொடுத்தாள். மூன்றுமே விழித்துக் காத்திருந்த இடங்கள். மூன்றையும் உறக்கமாக மாற்றியிருந்தாள். ஒன்று மிகச் சரி, ஒன்று வீண்வேலை, ஒன்று எந்திரத்தை உறைய வைத்துவிடக்கூடியது. ஒரே விதியை மூன்று இடத்திலும் பின்பற்றியவளுக்கு எப்படி மூன்று விதமான விளைவுகள் வந்தன என்பதை விளங்கிக்கொண்டால், இந்தப் பொருளில் பெரும்பகுதி விளங்கிவிடும்.

## முதலில் மூன்று சொற்கள்

கணினியின் வன்பொருளுக்கும் நாம் இயக்கும் செயலிகளுக்கும் நடுவே நின்று எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் நிரல்தான் கெர்னல். லினக்ஸ் என்பது, சரியாகச் சொன்னால், அப்படிப்பட்ட ஒரு கெர்னலின் பெயர். ஒரு குறிப்பிட்ட கருவியோடு பேசத் தெரிந்த பகுதி அதற்குள்ளே இருக்கும், அது டிரைவர். இருக்கும் நிரலில் எந்த வரியை எடுத்துவிட்டு எந்த வரியை வைக்க வேண்டும் என்று காட்டும் திருத்தச் சீட்டு பேட்ச். பேட்சை வேறொருவர் வரிவரியாகப் படித்துக் கேள்வி கேட்பதைத்தான் ரிவ்யூ என்கிறோம்.

## செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் இரண்டு காத்திருப்புகள்

சேலத்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை ஒன்றில் சிறிது நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். இணைப்பில் பற்றாசை வைத்துத் தீயைக் காட்டுகிறார் தொழிலாளி. பற்றாசு உருகி இணைப்புக்குள் ஓட ஆகும் அந்தச் சில நொடிகளில் அவர் கண் இமைப்பதில்லை. தீயை ஒரு நொடி முன்னால் எடுத்தால் இணைப்பு பிடிக்காது, ஒரு நொடி பின்னால் எடுத்தால் வெள்ளியே உருகும். கை சும்மா இருப்பதுபோல் தெரிந்தாலும் ஆள் முழுதாக அங்கேதான் இருக்கிறார்.

அதே கொலுசைக் கருமை நீங்க ஊறப்போட்டபின் அவர் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவதில்லை. அடுத்த ஜோடியைக் கையில் எடுத்துவிடுகிறார். ஊறப்போட்டது தயாராகும்போது திரும்பி வருகிறார்.

இரண்டும் காத்திருப்புதான். முன்னதற்கு நிரலர்கள் வைத்திருக்கும் பெயர் பிஸி வெயிட்டிங். நான் அதை விழித்துக் காத்தல் என்று சொல்லப்போகிறேன். பின்னது ஸ்லீப், அதாவது உறங்கிக் காத்தல். பற்றாசு உருகும்போது எழுந்து போகிறவரை நல்ல தொழிலாளி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊறப்போட்ட கிண்ணத்தின் முன் தவமிருப்பவரையும் சொல்ல மாட்டார்கள்.

## டிரைவர் எதற்காகக் காத்திருக்கிறது?

கருவிகள் மெதுவானவை. 1 கிகாஹெர்ட்ஸ் புராசஸர் ஒரு விநாடியில் 100 கோடி முறை துடிக்கிறது. விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ விநாடியிலேயே 1,000 துடிப்புகள் அடங்கிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி விநாடியில் 10 லட்சம். எங்கள் அளவி அட்டையிலுள்ள சில்லுக்கு (சிப்), மின்னழுத்தத்தை எண்ணாக மாற்ற ஏறத்தாழ 8 மில்லி விநாடி வேண்டும். அதாவது "அளந்து சொல்" என்று கேட்டுவிட்டு 80 லட்சம் துடிப்புகள் காத்திருந்தால்தான் விடை வரும்.

விடை வந்ததா என்று எப்படித் தெரியும்? சில்லுக்குள் ரெஜிஸ்டர் என்ற சிறு பெட்டிகள் உண்டு. அவற்றில் எழுதினால் கட்டளை, படித்தால் நிலைமை. "தயார்" என்ற ஒரு பிட் 0 என்பதிலிருந்து 1 ஆக மாறும்வரை டிரைவர் காத்திருக்கிறது.

விழித்துக் காக்கும் டிரைவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கும், மூடும், மறுபடி திறந்து பார்க்கும். அந்த நேரமெல்லாம் புராசஸரின் ஒரு கோர் இதற்கே செலவாகிறது. கோர் என்றால் ஒரே சமயத்தில் ஒரு வேலையைச் செய்யக்கூடிய ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே கோர் உள்ள சிறு கணினியில் 50 மில்லி விநாடி இப்படிச் சுற்றினால் 5 கோடி துடிப்புகள் வீண். கெர்னல் சில சமயம் இடையில் புகுந்து அந்தக் கோரை வேறு வேலைக்குப் பிடுங்கிக் கொடுக்கலாம் என்பது உண்மையே. ஆனால் திரும்பி வந்ததும் அது மறுபடி சுற்றத்தான் போகிறது. மின்சாரமும் போகிறது. வேலையில்லாத கோரைக் கெர்னல் குறைந்த மின்சாரத்தில் ஓய்வெடுக்க விடும். சுற்றிக்கொண்டிருக்கும் கோருக்கு அந்த ஓய்வு இல்லை. ஏற்காட்டில் பனிமூட்டம் மூன்று நாள் விலகாமல் நின்று, சூரியத் தகட்டில் ஓடும் அட்டையின் மின்கலம் இறங்கிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்கு இது வெறும் எண் அல்ல.

## உறங்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

"டிரைவர் உறங்குகிறது" என்ற சொல் ஏமாற்றக்கூடியது. உறங்குவது டிரைவர் அல்ல. ஒரு செயலி "ஈரப்பதம் என்ன?" என்று கேட்கிறது, அந்தக் கேள்வியோடு அது கெர்னலுக்குள் நுழைந்து, டிரைவரின் நிரல் வழியே நடந்துபோகிறது. காத்திருக்க வேண்டிய இடம் வந்ததும் அந்தச் செயலியின் ஓட்டமே நிறுத்திவைக்கப்படுகிறது.

யாருக்கு எப்போது கோர் கிடைக்கும் என்று முடிவு செய்யும் பகுதி ஷெட்யூலர். ஓடத் தயாராக இருப்பவர்களின் வரிசை அதனிடம் இருக்கிறது. உறங்கப் போகும் பணி, தன்னை எப்போது எழுப்ப வேண்டும் என்று சொல்லி ஒரு கடிகாரத்தை வைத்துவிட்டு அந்த வரிசையிலிருந்து விலகிக்கொள்கிறது. ஷெட்யூலர் அதன் நிலைமையைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்த பணியைக் கோரில் ஏற்றுகிறது. நேரம் வந்ததும் கடிகாரம் ஒலிக்க, உறங்கியது மீண்டும் வரிசையில் சேர்கிறது. வரிசையில் சேர்கிறது என்பதைக் கவனியுங்கள். உடனே ஓடுகிறது என்று சொல்லவில்லை. முன்னால் ஆள் இருந்தால் அவர் இறங்கிய பிறகுதான். அதனால் "5 மில்லி விநாடி உறங்கு" என்றால் குறைந்தது 5 என்றுதான் பொருள். கூடுதலாக எவ்வளவு ஆகும் என்பது அந்த நேரத்துக் கூட்டத்தைப் பொறுத்தது.

கடிகாரத்தை நம்பாமல், கருவியே வந்து எழுப்பும் வழியும் உண்டு. பால் காய்ச்சும் இரட்டைச் சுவர்ப் பாத்திரம் கொதித்ததும் விசிலடிப்பதுபோல, பல சில்லுகள் வேலை முடிந்ததும் ஒரு கம்பியில் குறிப்புக் கொடுக்கும். கோர் செய்துகொண்டிருப்பதை அப்படியே நிறுத்தி இந்தக் குறிப்பைக் கவனிக்கிறது. இதற்குப் பெயர் இன்டரப்ட். அது வந்ததும் ஓடும் சிறு நிரல் இன்டரப்ட் ஹேண்ட்லர்; உறங்கும் பணியை அது தட்டி எழுப்பும். விசில் உள்ள பாத்திரம் இருக்கும்போது அடுப்பருகே நிற்பதும் வேண்டாம், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: விழித்துக் காத்தல் கோரைக் கட்டிப்போடும், ஆனால் கணக்காக முடியும். உறங்கிக் காத்தல் கோரை மற்றவர்களுக்குக் கொடுக்கும், ஆனால் திரும்பி வரும் நேரம் நம் கையில் இல்லை.

## உறக்கத்துக்கும் கூலி உண்டு

மாணவியின் பேட்சில் இரண்டாவது இடத்தை இப்போதே பார்த்துவிடலாம். இரண்டு ரெஜிஸ்டர்களில் அடுத்தடுத்து எழுதும்போது நடுவே 5 மைக்ரோ விநாடி இடைவெளி வேண்டும் என்று சில்லின் கையேடு சொல்கிறது. பழைய நிரலில் அதற்கு யூடிலே என்ற விழித்துக் காக்கும் கட்டளை இருந்தது. அவள் அதை உறக்கமாக மாற்றியிருந்தாள்.

ஏற்காடு பஸ் நிறுத்தத்தில் ஐந்து நிமிடத்தில் பஸ் வரும் என்றால், அதற்குள் சேலத்து வீட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டு வருகிறேன் என்று யாரும் முப்பது கிலோமீட்டர் மலையிறங்க மாட்டார்கள். பணியை இறக்கி, நிலைமையை எடுத்து வைத்து, வேறொன்றை ஏற்றி, மறுபடி இதை ஏற்றுவதற்கே சில மைக்ரோ விநாடிகள் ஆகும். 5 மைக்ரோ விநாடியைச் சேமிக்க அதற்கு மேல் செலவழிப்பதில் பொருளில்லை.

சில இடங்களில் இது வீண்செலவோடு நிற்பதில்லை. டிஎஸ்18பி20 என்ற வெப்ப உணரியைப் பொழுதுபோக்காக மின்னணுவியல் பழகுபவர்கள் பலர் கையில் எடுத்திருப்பார்கள். ஒரே கம்பியில் பேசும் உணரி அது. "1" என்று அதற்குச் சொல்ல, கம்பியைத் தாழ்த்தி 15 மைக்ரோ விநாடிக்குள் விட்டுவிட வேண்டும். "0" என்று சொல்ல, குறைந்தது 60 மைக்ரோ விநாடி தாழ்த்திப் பிடிக்க வேண்டும். கம்பியைத் தாழ்த்திவிட்டு உறங்கப் போன டிரைவர் 15 மைக்ரோ விநாடிக்குள் எழுந்திருக்கவில்லை என்றால், சொல்ல வந்த 1 அங்கே 0 ஆகிவிடும். இது பற்றாசு உருகும் நேரம். ஆனால் அதே உணரி 12 பிட் துல்லியத்தில் ஒருமுறை வெப்பத்தை அளந்து முடிக்க 750 மில்லி விநாடி வரை எடுத்துக்கொள்ளும். 1 கிகாஹெர்ட்ஸ் கோரில் அது 75 கோடி துடிப்புகள்! அங்கே விழித்திருப்பதைவிடப் பெரிய வீண் வேறில்லை. லினக்ஸில் உள்ள டிரைவர், பிட்டுகளை அனுப்பும்போது விழித்தும் அளவீடு முடியும்வரை உறங்கியும் காக்கிறது. ஒரே உணரி, ஒரே டிரைவர், இரண்டு விதக் காத்திருப்பு. இந்த உணரியைப் பார்த்த பிறகும் "உறக்கமே எப்போதும் நல்லது" என்று சொல்ல மனம் வராது.

எவ்வளவு நேரத்துக்கு எதைப் பயன்படுத்துவது என்று லினக்ஸ் கெர்னலின் ஆவணம் நெடுநாளாகச் சொல்லி வந்த அளவு எளிது. 10 மைக்ரோ விநாடிக்குக் கீழே என்றால் யூடிலே. அங்கிருந்து 20 மில்லி விநாடி வரை யூஸ்லீப் ரேஞ்ச் என்ற உறங்கும் கட்டளை, அதற்கு மேல் எம்ஸ்லீப் என்ற இன்னோர் உறங்கும் கட்டளை. இந்த மூன்றில் எது பொருந்தும் என்று தானே பார்த்துக்கொள்ளும் எஃப்ஸ்லீப் என்ற கட்டளையும் 2020 முதல் இருக்கிறது. யூஸ்லீப் ரேஞ்ச் ஒரு நேரத்தைக் கேட்பதில்லை, "இதிலிருந்து இதற்குள்" என்று இரண்டு எல்லைகளைக் கேட்கிறது. அந்த இடைவெளியில் வேறு யாரையாவது எழுப்ப வேண்டியிருந்தால் இரண்டு பேரையும் ஒரே விழிப்பில் எழுப்பிவிடலாம் என்பதற்காகத்தான். இரண்டு எல்லைகளையும் ஒரே எண்ணாகக் கொடுக்கும் வழக்கத்தை மாணவர்கள் விட்டுவிட வேண்டும்.

பேட்சின் முதல் இடம் இந்த அளவுகோலுக்குள் அழகாக வந்துவிடுகிறது. அட்டை முதன்முதலில் கண்டுபிடிக்கப்படும்போது, சில்லை மீட்டமைத்துவிட்டு 50 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். பழைய நிரல் எம்டிலே போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் எம்ஸ்லீப் ஆக்கினாள். அந்த இடத்தில் எந்தப் பூட்டும் (பூட்டு என்ன என்பதைச் சற்றுப் பின் பார்ப்போம்) கையில் இல்லை, உறங்கத் தடையும் இல்லை. மிகச் சரி.

மூன்றாவது இடத்துக்கு இந்த அளவுகோல் போதாது. அங்கே காத்திருக்கும் நேரம் 8 மில்லி விநாடி. நேரத்தை மட்டும் பார்த்தால் உறங்கலாம் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

## இருபது கொண்டை ஊசி வளைவுகள்

அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ் வளைவில் திரும்பும்போது சாலையின் முழு அகலமும் அதற்கு வேண்டும். எதிரில் வரும் வண்டிகள் சற்றுத் தள்ளி, இன்ஜினை அணைக்காமல் நிற்கும். சில நொடிதானே, இதற்கெல்லாம் யார் அணைப்பது? அந்த நம்பிக்கையில்தான் அந்த ஏற்பாடு நடக்கிறது. வளைவின் நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓட்டுநர் கண்ணயர்ந்தால் என்ன ஆகும்?

கெர்னலில் ஸ்பின்லாக் என்ற பூட்டு இந்த வளைவைப் போன்றது. ஒரே ரெஜிஸ்டரை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மாற்றிக் குழப்பிவிடாமல் இருக்க, ஒருவர் பூட்டைப் பிடித்துக்கொண்டு மாற்றுகிறார். பூட்டு கிடைக்காத மற்றவர் என்ன செய்கிறார்? உறங்குவதில்லை. பூட்டு விடுபட்டதா, விடுபட்டதா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார். ஸ்பின்லாக்கின் உள்ளே இருப்பதே விழித்துக் காத்தல்தான். பிஸி வெயிட்டிங் என்றாலே கெட்டது என்று நினைப்பவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன். கெர்னல் முழுக்க எண்ணற்ற இடங்களில் அது சரியான முறையாகவே பயன்பட்டு வருகிறது. பூட்டைப் பிடித்தவர் சில மைக்ரோ விநாடியில் விட்டுவிடுவார் என்ற வாக்குதான் அதற்கு அடிப்படை.

அந்தப் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் உறங்கிவிட்டால் அந்த வாக்கு உடைகிறது. பல கோர்களுக்காகக் கட்டிய கெர்னல் ஒரே ஒரு கோரில் ஓடுவதாக எண்ணிப் பாருங்கள். உறங்கியவர் விட்ட கோர் இன்னொருவருக்குப் போகிறது. அவருக்கும் அதே பூட்டு வேண்டும், அதனால் சுற்ற ஆரம்பிக்கிறார். ஸ்பின்லாக்குக்காகச் சுற்றுபவரிடமிருந்து கோரைப் பிடுங்க வழியில்லை. உறங்கியவருக்கு எழும் நேரம் வருகிறது, ஆனால் ஏறி ஓடக் கோர் இல்லை. இவர் பூட்டை விட்டால்தான் அவர் நகர்வார். அவர் கோரை விட்டால்தான் இவர் பூட்டை விட முடியும். வளைவில் உறங்கும் ஓட்டுநரை எழுப்ப வேண்டியவர், பின்னால் சிக்கிய வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். எந்திரம் உறைந்துவிட்டது.

## உறங்குவதற்கு ஆளே இல்லாத இடம்

உறங்கக் கூடாத இன்னோர் இடம் இன்டரப்ட் ஹேண்ட்லர். காரணம் வேறு. அது தனக்கென்று ஒரு பணியாக ஓடுவதில்லை. அந்த நொடியில் கோரில் யார் இருந்தாரோ அவருடைய நாற்காலியில் ஒரு கணம் ஒட்டி உட்கார்ந்து வேலையை முடித்துக்கொண்டு எழுகிறது. அது உறங்க முயன்றால் நிறுத்திவைக்கப்படுவது யார்? நாற்காலிக்குச் சொந்தக்காரர். அளவி அட்டையைப் பற்றி ஒன்றுமே தெரியாத, எங்கோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஒரு செயலி.

ஸ்பின்லாக் பிடித்திருக்கும் இடம், இன்டரப்ட் ஹேண்ட்லரின் உள்ளிடம், இன்டரப்டுகளையே அணைத்துவைத்திருக்கும் இடம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அடாமிக் சூழல் என்று பெயர். இடையில் நிறுத்த முடியாத இடம் என்பது பொருள். ஒரு வரி உறங்கலாமா என்பது, அந்த வரியைப் பார்த்தால் தெரியாது. அந்த வரிக்கு யார் யார் எந்த வழியாக வந்து சேர்கிறார்கள், வரும்போது கையில் எதைப் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

## மூன்றாவது இடம்

மாணவி திருத்திய மூன்றாவது இடம் இப்படி இருந்தது: இன்டரப்டுகளை அணைத்து ஸ்பின்லாக்கைப் பிடி, "அள" என்று எழுது, தயார் பிட் வரும்வரை 10 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை பார், 2,000 முறை பார்த்தும் வராவிட்டால் பிழை என்று திரும்பு, வந்தால் விடையைப் படி, பூட்டை விடு. அவள் 10 மைக்ரோ விநாடி யூடிலேயை எடுத்துவிட்டு 1 மில்லி விநாடி எம்ஸ்லீப்பை வைத்தாள். பூட்டு அப்படியே இருந்தது. அதாவது வளைவின் நடுவில் கட்டில் போட்டாகிவிட்டது.

"சார், என் அட்டையில் இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு பிழைகூட வரவில்லையே?" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுடையது ஒரே கோர் அட்டை. ஒரே கோருக்கென்றே கட்டிய கெர்னலில் ஸ்பின்லாக்குக்காக யாரும் சுற்றுவதில்லை, அதனால் அது உறையவில்லை. அதில் அவள் கட்டியிருந்த கெர்னல், ஸ்பின்லாக் யார் கையில் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்ததல்ல. எண்ணாத கெர்னலால் எச்சரிக்கவும் முடியாது. அதே பேட்சை என்னிடமிருந்த நான்கு கோர் அட்டையில், உறக்கத் தவறுகளைப் பிடிக்கும் சோதனை அமைப்பை இயக்கிக் கட்டி ஓட்டினேன். முதல் அளவீட்டிலேயே "அடாமிக் சூழலில் ஷெட்யூலர் அழைக்கப்பட்டது" என்ற பொருளில் கெர்னல் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியது. கான்ஃபிக் டீபக் அடாமிக் ஸ்லீப் என்பது அந்த அமைப்பின் பெயர். டிரைவர் எழுதும் எவரும் தம் சோதனைக் கெர்னலில் அதை அணைத்துவைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உறங்கக்கூடிய பல கட்டளைகளைத் தொட்டாலே, உண்மையில் உறக்கம் நிகழாவிட்டாலும், அது எச்சரிக்கும். எங்கோ வாடிக்கையாளர் வீட்டில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிகழும் உறைவை நம் மேசையிலேயே காட்டிக்கொடுப்பது அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்ய அவளைத் தூண்டியது செக்பேட்ச் என்ற துணைநிரல். 10 மைக்ரோ விநாடியோ அதற்கு மேலோ நீளும் யூடிலேயைப் பார்த்தால் "இதைவிட யூஸ்லீப் ரேஞ்ச் மேல்" என்று அது நெடுநாள் யோசனை சொல்லி வந்தது. நல்ல துணைநிரல்தான், நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் அது வரியைப் பார்க்கிறது, பூட்டைப் பார்ப்பதில்லை. அதைப் பார்ப்பது மனிதர் வேலை.

## பூட்டை எப்படிப் பிரிப்பது?

"அப்படியானால் பழையபடி சுற்றவே விட்டுவிடலாமா?" என்று கேட்டாள். கூடாது. இன்டரப்டை அணைத்துக்கொண்டு 8 மில்லி விநாடி சுற்றுவதும் மோசம்தான். அவள் தொட்ட இடம் உண்மையிலேயே திருத்தப்பட வேண்டிய இடம். திருத்தம் ஒரு வரியில் முடியாது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

இங்கே ரிவ்யூ செய்பவர் கேட்க வேண்டிய கேள்வி: அந்தப் பூட்டு யாரிடமிருந்து யாரைக் காக்கிறது? நிரலைப் புரட்டிப் பார்த்தோம். இரண்டு பேர் இருந்தார்கள். ஒரே நேரத்தில் அளக்கச் சொல்லி வரும் இரண்டு செயலிகள் ஒரு பக்கம். ஈரம் எல்லை மீறினால் வரும் இன்டரப்ட் ஹேண்ட்லர், அதே கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரை மாற்றுவது இன்னொரு பக்கம். இரண்டு தேவைகளுக்கும் ஒரே பூட்டு போட்டிருந்ததுதான் சிக்கலின் வேர்.

செயலிகளுக்கு இடையே உறங்க அனுமதிக்கும் பூட்டு ஒன்று போதும். அதன் பெயர் மியூடெக்ஸ். அது கிடைக்காதவர் பொதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்காமல் உறங்கிவிடுவார், அதனால் பிடித்திருப்பவரும் உறங்கலாம். அளவீடு முழுவதையும் மியூடெக்ஸுக்குள் வைத்தோம். இன்டரப்ட் ஹேண்ட்லரால் மியூடெக்ஸைத் தொட முடியாது, ஏனென்றால் அது உறங்க முடியாதது. அதனால் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரைப் படித்து மாற்றி எழுதும் அந்த இரண்டு மூன்று வரிகளை மட்டும் ஸ்பின்லாக்குக்குள் விட்டோம். பஸ் வளைவைக் கடந்து அகலமான இடத்துக்கு வந்து ஓரம் கட்டிய பிறகு ஓட்டுநர் கண்ணயரலாம்.

## நேரக்கெடு என்ற மறைந்த பள்ளம்

பூட்டைச் சரிசெய்த இரண்டாவது பேட்சில் இன்னொரு பிழை மறைந்திருந்தது. நான் அதை ஏறக்குறைய தவறவிட்டேன்.

பழைய நிரலில் 10 மைக்ரோ விநாடி வீதம் 2,000 முறை. கெட்டுப்போன சில்லுக்குக் கொடுத்த நேரக்கெடு 20 மில்லி விநாடி. புதியதில் 1 மில்லி விநாடி எம்ஸ்லீப், அதே 2,000 முறை. 2 விநாடிதானே என்று தோன்றும். அதுவும் இல்லை. எம்ஸ்லீப் கெர்னலின் சீரான துடிப்பை வைத்து எண்ணுகிறது. ஜிஃபி என்பது அந்தத் துடிப்பின் ஓர் அலகு. விநாடிக்கு 100 துடிப்பு என்று கட்டப்பட்ட கெர்னலில் ஒரு ஜிஃபி 10 மில்லி விநாடி. பத்து நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் வரும் நிறுத்தத்தில், "எனக்கு ஒரு நிமிடம் கழித்துக் கிளம்பினால் போதும்" என்று சொல்லிப் பயனில்லை, பஸ் வரும்போதுதான் கிளம்ப முடியும். அதனால் அங்கே 1 மில்லி விநாடி எம்ஸ்லீப் 20 மில்லி விநாடி வரை நீளலாம். 2,000 முறை என்றால் 40 விநாடி! சில்லின் கம்பி ஒன்று கழன்றுவிட்டால், ஈரப்பதம் கேட்ட செயலி 20 மில்லி விநாடியில் பிழைச் செய்தி பெறுவதற்குப் பதில் முக்கால் நிமிடத்துக்கு நெருக்கமாக வாய்மூடி நிற்கும். மற்ற செயலிகள் மியூடெக்ஸ் வாசலில் வரிசையில் நிற்கும்.

ஆகவே உறக்கத்துக்கு மாறும்போது எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, எவ்வளவு நேரம் கடந்தது என்று கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு நுட்பம் உண்டு. உறங்கி எழுந்து பார்த்தால் கெடு தாண்டிவிட்டது. உடனே பிழை என்று சொல்லிவிடக் கூடாது. நாம் எழத் தாமதமானபோது சில்லு தன் வேலையை முடித்திருக்கலாம். கடைசியாக ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ரீட்எல் போல் டைம்அவுட் என்ற ஆயத்தச் சுழல் லினக்ஸிலேயே இருக்கிறது. உறங்கி உறங்கிப் பார்ப்பது, நேரத்தை அளப்பது, கடைசியாக ஒருமுறை பார்ப்பது எல்லாவற்றையும் அது செய்துவிடும். உறங்கக் கூடாத இடங்களுக்கு அதன் அடாமிக் உடன்பிறப்பும் உண்டு. கையால் சுழல் எழுதுவதைவிட இதையே அழைக்கும்படி சொன்னேன்.

தொகுத்துச் சொன்னால், மூன்றாவது இடத்தில் மாறியது ஒரு கட்டளை மட்டுமல்ல. பூட்டு இரண்டாகப் பிரிந்தது, நேரக்கெடு எண்ணிக்கையிலிருந்து கடிகாரத்துக்கு மாறியது, சுழல் ஆயத்த நிரலுக்குப் போனது.

## பேட்சோடு வரும் குறிப்பு

முதல் பேட்சின் குறிப்பில் "பிஸி வெயிட்டை நீக்கினேன்" என்று ஒரே வரிதான் இருந்தது. ரிவ்யூ செய்பவருக்கு அது உதவாது. காத்திருக்கும் நேரம் கையேட்டின்படி எவ்வளவு, இந்த நிரலுக்கு யார் யார் வந்து சேர்கிறார்கள், அவர்கள் எல்லோரும் உறங்கலாம் என்று எப்படித் தெரியும், எந்த எந்திரத்தில் எந்தச் சோதனை அமைப்போடு ஓட்டிப் பார்த்தாய் என்று எழுதச் சொன்னேன். எழுதும்போதுதான் அந்த நிரலுக்கு வந்து சேரும் இன்னொரு வழியை அவளே கண்டுபிடித்தாள். கணினி உறக்கநிலைக்குப் போகும்போது டிரைவர் கடைசியாக ஒரு அளவீடு எடுக்கிறது. அப்போது இன்டரப்டுகள் ஏற்கெனவே அணைக்கப்பட்டிருந்தால் அந்த உறக்கமும் தகாததாகிவிடும். தேடிப் பார்த்தோம், நல்லவேளையாக அது அணைப்பதற்கு முந்தைய கட்டத்திலேயே நடந்துவிடுகிறது. அதையும் குறிப்பில் எழுதினாள்.

பேட்சின் அடியில் ரிவ்யூட்-பை என்று ஒருவர் தம் பெயரை எழுதினால், படித்துப் பார்த்தேன் என்று மட்டும் பொருளல்ல. நுட்பமாகச் சோதித்தேன், எனக்குத் தெரிந்து கேள்விக்குரியது எதுவும் மிச்சமில்லை என்று சொல்வதாகும். நான்காவது பதிப்பில்தான் என் பெயரை எழுதினேன். அதில் 5 மைக்ரோ விநாடி யூடிலே பழையபடி திரும்பி வந்திருந்தது. அதன் தலைக்குமேல் அவள் ஒரு வரிக் குறிப்பு சேர்த்திருந்தாள்: "இங்கே உறங்க வேண்டாம், உறக்கத்துக்கு ஆகும் செலவு இந்த இடைவெளியைவிடப் பெரிது."